வானொலி நேயர் மன்றத்தின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று நேரில் வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம். வராத அன்பர்களுக்கும் இந்த அறிக்கையின் படி அனுப்பிவைக்கப்படும். அதற்கான தபால் செலவு, வழக்கம்போல, வந்தவர்கள் கட்டிய சந்தாவிலிருந்து.

நிகழ்ச்சிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். பிப்ரவரி 13, உலக வானொலி நாளில் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடந்தது; பரிசுச் செலவைத் தலைவர் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம். அவர் சேர்த்து வைத்திருந்த கியூஎஸ்எல் அட்டைகளை, அதாவது கேட்பு அறிக்கை அனுப்பும் நேயருக்கு நிலையங்கள் பதிலாகப் போடும் அட்டைகளை, குடும்பத்தார் மன்றத்துக்குத் தந்திருக்கிறார்கள். செயற்குழு கூடவேண்டிய முறை கூடியது. எந்தக் கூட்டத்தில் கோரம் இருந்தது என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். நான் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

இனி, சென்ற பொதுக்குழுவில் என்னைப் பார்த்து எழுப்பப்பட்ட கேள்விக்கு வருகிறேன். மன்றப் பணத்தில் கணினியும் கருவியும் எதற்கு, செயலாளர் வீட்டு விளையாட்டுக்கு மன்றம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவர் அதற்குப் பின் இந்தப் பக்கம் வரவில்லை. இருந்தாலும் பதில் சொல்வது என் கடமை.

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் கூடித் தொடங்கிய மன்றம் இது. மன்னார் வளைகுடாவைத் தாண்டி வரும் அலைக்கு நம் கரையில் ஏரியல்கூடத் தேவைப்பட்டதில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தது. 2017 ஏப்ரல் 30 அன்று பிபிசி தமிழோசை சிற்றலையிலிருந்து விடைபெற்றபோது நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். சிற்றலை செத்துவிட்டது என்று இன்றும் டீக்கடையில் சொல்கிறார்கள். சாகவில்லை. அலைவரிசை முள்ளைத் திருப்பும்போது ஓரிடத்தில் ஏற்ற இறக்கமில்லாமல், குழாய் திறந்துவிட்டதுபோல் ஒரே சீரான இரைச்சல் கேட்குமே, அதை நாம் மின்கோளாறு என்று கடந்துபோகிறோம். அது ஒரு நிலையம். பேச்சும் பாட்டும் அதற்குள்தான் இருக்கின்றன. சாதாரணப் பெட்டியால் அதைப் பிரித்தெடுக்க முடியாது; கணினியால் முடியும்.

டிஆர்எம் (டிஜிட்டல் ரேடியோ மாண்டியல்) என்னும் இந்த டிஜிட்டல் முறையில் முறையான ஒலிபரப்பு 2003 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் தொடங்கியது. நம் அகில இந்திய வானொலி 2009இல் டெல்லியிலிருந்து சிற்றலையில் இதைத் தொடங்கியது. பத்து கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட சிறு ஊர்தி அலைகள் அருகருகே நின்று ஆளுக்குக் கொஞ்சமாகத் தகவலைச் சுமந்து வருகின்றன. அயனமண்டலத்தில் பட்டு ஒரே அலை இரண்டு மூன்று வழியாகச் சற்று முன்பின்னாக வந்து சேர்வதுதான் சிற்றலையின் பழைய நோய். அதற்கு ஈடுகொடுக்கவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் நடுவில் சில மில்லிநொடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். இதில் தேய்ந்து தேய்ந்து மறையும் குரல் கிடையாது. வந்தால் தெளிவாக வரும்; போதிய வலு இல்லையென்றால் மொத்தமாக அமைதியாகிவிடும். அந்த அமைதியைத்தான் சிலர் கருவி கெட்டுவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள்.

கருவி என்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு யுஎஸ்பி டாங்கிள். தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஆர்டிஎல்2832யு சில்லு அதற்குள் இருக்கிறது. சிற்றலைக்கென மாற்றியமைத்த வகையை வாங்கினோம். கணினி, ஓர் உறுப்பினரின் மகன் கல்லூரி முடித்ததும் ஒதுக்கியது. மன்றத்துக்கு நினைவகம் வாங்கிய செலவு மட்டுமே. டிஆர்எம் பிரிக்கும் ‘ட்ரீம்’ நிரல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். சுருக்கி அனுப்பிய ஒலியை விரித்துத் தரும் துணைக் கோப்பு பழையதாக இருந்தால் புதிய வகை ஒலிபரப்புகளில் நிலையத்தின் பெயர் மட்டும் திரையில் வரும், குரல் வராது. கோப்பை மாற்றியதும் சரியானது. இதில் ஊதாரிச் செலவு எங்கே இருக்கிறது என்று கேள்வி கேட்டவர்கள் சொல்லட்டும்.

உண்மையான இடையூறு வேறிடத்திலிருந்து வந்தது. தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் வலுவுடன் நிற்கிறது. எதிர்க்கரையில் இலங்கை நிலையங்கள். உப்புநீரின் மேல் தரையலை, அதாவது வானுக்குப் போகாமல் பரப்பை ஒட்டி வரும் அலை, அதிகம் தேயாது, ஆகவே இரண்டும் நம் ஏரியலில் கொட்டுகின்றன. எட்டு பிட் டாங்கிள் அந்தச் சுமையில் திணறி, நலிந்த சிற்றலை நிலையங்களைக் கோட்டைவிட்டது. மத்திய அலையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை நானே செய்தேன். விரல் மோதிர அளவுள்ள ஃபெரைட் வளையங்களில் எனாமல் கம்பியைச் சுற்று மேல் சுற்று ஏறாமல் சுற்றி, நுனியைப் பிளேடால் சுரண்டி, ஈயம் வைத்துப் பழைய மாத்திரை டப்பாவில் அடைத்தது. அதைத்தான் சிலர் ‘செயலாளரின் தாயத்து’ என்கிறார்கள். அதை மாட்டிய பிறகு திரையில் இரைச்சலின் அடிமட்டம் இறங்கியதைப் பொருளாளர் நேரில் பார்த்திருக்கிறார்.

இன்னொரு குணமும் இந்த டாங்கிளுக்கு உண்டு. 14.4 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 14,400 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளது மடங்கிக் கீழே விழும். 15,100இல் உள்ள நிலையம் 13,700இல் பேசும். இதை அறியாமல் கேட்பு அறிக்கையில் தவறான அலைவரிசை எழுதி அனுப்பிய உறுப்பினருக்கு நிலையம் பதில் போடவில்லை என்றால் அதற்கு மன்றம் பொறுப்பாகாது.

மே மாதச் செயல்விளக்கத்தைப் பற்றி நிறையப் பேச்சு எழுந்ததால் விரிவாகவே பதிவு செய்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகில் போகும் உறுப்பினர்கள் கரையில் இருப்பார்கள் என்றுதான் 2024 மே 11, சனிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுத்தோம். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, புதுமடத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். என் நினைவில் மன்ற அறையில் நாற்காலி போதாமல் போனது அன்று ஒரு நாள்தான். கணினியை இயக்கினால், திரையில் எல்லா விளக்கும் சிவப்பு. ருமேனியா நிலையம் இல்லை, சீனா நிலையம் இல்லை. சாதாரணப் பெட்டியில்கூடச் சிற்றலை ஊமையாகக் கிடந்தது. சிரித்துவிட்டுப் போனவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் செய்தித்தாள்கள் சொன்னது என்ன? மே 10, 11 தேதிகளில் உலகைத் தாக்கியது 2003க்குப் பின் மிகக் கடுமையான புவிகாந்தப் புயல். லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்ததைப் படமெடுத்துப் போட்டார்கள். சூரியனே சீறிய நாளில் மன்றத்தின் டாங்கிள் என்ன செய்யும்? அந்தச் செய்தியை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். படித்தவர்கள் கையெழுத்திடலாம் என்று அருகில் ஒரு தாளும் வைத்தேன். தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

அடுத்த செயல்விளக்கம் மழைக்கு முன் நடந்தது. படகுகள் கடலில், உறுப்பினர்களும் கடலில். வந்தது ஐந்து பேர். திரையின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சைக்கு மாறின. முதலில் நேர ஒத்திசைவு, பிறகு சட்டகம், கடைசியாக ஒலி. இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு ருமேனியா வானொலியின் ஆங்கில அறிவிப்பு, பண்பலை போன்ற சுத்தத்தில். தேவிபட்டினத்திலிருந்து வந்திருந்த பெரியவர் எழுந்து, இணையத்திலிருந்து ஓட்டுகிறேனா என்று கணினியின் பின்பக்கக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். ஏரியல் கம்பியை நானே பிடுங்கிக் காட்டினேன். குரல் நின்றது. மாட்டினேன், வந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நடப்பு ஆண்டுச் சந்தாவை அங்கேயே கட்டினார். அவர் கட்டினார் என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

டிஆர்எம் மட்டுமல்ல. 14,074 கிலோஹெர்ட்ஸில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிறு எழுத்துச் செய்திகளைப் பரிமாறும் எஃப்டி8 முறையின் சமிக்ஞைகளை டிகோட் செய்தோம். பதினைந்து நொடிக்கு ஒருமுறை மாறும் இந்த முறை 2017இல் வந்தது. நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கியது. காதுக்கு எட்டாத நலிந்த ஒலியைக்கூட எழுத்தாக்கிக் காட்டிவிடும். கணினிக் கடிகாரம் சில நொடி தவறினாலும் ஒன்றும் வராது. டோக்கியோவின் வானிலை வரைபடத்தை 7795 கிலோஹெர்ட்ஸில் பிடித்தோம். அதற்கு ஏற்பியை ‘மேல்பக்கப் பட்டை’ (யுஎஸ்பி) முறையில் வைத்து, 1.9 கிலோஹெர்ட்ஸ் கீழே, 7793.1இல் நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு 120 கோடுகளாக வரைபடம் மேலிருந்து இறங்கியது. ஒலி அட்டையின் கடிகாரப் பிழையால் முதலில் ஜப்பான் முழுவதும் சாய்ந்து நின்றது, பிறகு நிமிர்த்தினோம். பார்த்த மீனவ உறுப்பினர் ஒருவர், இதில் நம் கடல் எங்கே என்று கேட்டார். இல்லைதான். பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டே எனக்குப் போதும் என்றும் சொன்னார். ஆனால் 518 கிலோஹெர்ட்ஸில் கப்பல்களுக்காக வரும் நாவ்டெக்ஸ் எச்சரிக்கைகளைத் திரையில் எழுத்தாகக் காட்டியபோது அவரே நின்று படித்தார். அந்த அலைவரிசையையும் வடிகட்டி தடுத்துவிடும் என்பதால், அதைச் சுற்றிக் கடந்துபோக ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன்.

கைப்பேசியில் இணையம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்கள், தனுஷ்கோடி முனையில் அந்தக் கைப்பேசி எந்த நாட்டு நெட்வொர்க்கைத் தேடுகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.

தெருவின் எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சல் பெரும் தொல்லை. மின்தடை நேரத்தில் மடிக்கணினியின் பேட்டரியில் கேட்டால் சிற்றலை கண்ணாடிபோல் தெளிகிறது. மின்தடைக்காக மகிழும் ஒரே மன்றம் நாமாகத்தான் இருப்போம். ஏரியல் பற்றிக் கடலோரப் பாதுகாப்புக்கு உரிய அலுவலகத்திலிருந்து இருவர் வந்து விசாரித்தார்கள். நாம் கேட்பவர்கள்தாமே தவிர அனுப்புபவர்கள் அல்லர் என்று விளக்கினேன். தேநீர் அருந்திவிட்டுப் போனார்கள்.

நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். பனைகளுக்கு நடுவே கட்டியிருந்த ஏரியல் அறுந்தது. ஏற்கெனவே உப்புக்காற்றில் செம்பு பச்சையாகி நார் நாராகப் போயிருந்தது. மறுபடி கட்ட மரமேறும் ஆளுக்குக் கூலி, புதுக் கம்பி, தரையிணைப்புக்கு ஒரு கம்பு. ஆளைப் பிடித்து வந்தது, கயிறு பிடித்தது, கீழே நின்றது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உதவிக்கு வருவதாகச் சொன்ன இருவருக்கு அன்று காலை காய்ச்சல் கண்டது. மாலையில் அவர்களைக் கீழக்கரைச் சந்தையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வரவு செலவு ஏறத்தாழச் சமமாக இருக்கிறது. சிறு பற்றாக்குறையைச் சென்ற ஆண்டின் இருப்பு ஈடுகட்டியது. கருவிச் செலவுக்குத் தீர்மானம் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு, செயற்குழுவின் வாய்மொழி ஒப்புதல் இருந்தது என்பதே பதில். அன்று கூட்டத்துக்கு வந்திருந்தால் காதால் கேட்டிருக்கலாம். கணக்குகளைத் தணிக்கையாளர் பார்த்துவிட்டார், விரிவான விவரம் பொருளாளரிடம் கிடைக்கும்.

சந்தா பற்றி வருந்தியே சொல்கிறேன். பட்டியலில் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட முழுதாகக் கட்டவில்லை. ஆண்டுச் சந்தா ஒரு கிலோ சீலா மீன் விலையில் பாதிகூட வராது. வெளிநாட்டுக்குப் போய்விட்டவர்களை விடுங்கள். உள்ளூரில் இருந்துகொண்டு, பரிசளிப்பு விழாப் புகைப்படத்தில் முதல் வரிசையில் நிற்பவர்களுக்கு மூன்று ஆண்டு நிலுவை இருக்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

பனைமரங்களை ஏரியலுக்குத் தந்த தோட்டக்காரருக்கும், கணினி தந்த குடும்பத்துக்கும், மின்பணி பார்த்த தம்பிக்கும், கூட்டங்களுக்குக் கடனில் தேநீர் தந்த கடைக்காரருக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டில் டாங்கிளுக்குப் பதிலாக மடங்கல் தொல்லை இல்லாத, கூடுதல் பிட் கொண்ட ஏற்பி ஒன்று தேவைப்படுகிறது. கேட்டது கிடைக்காவிட்டாலும் இருப்பதை வைத்து நடத்தலாம், நான் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த தடைக்காலத்தில் சூரியனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை குறிப்போம். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால், வடிகட்டி, ஸ்விட்ச், கடவுச்சொல், கடன்நோட்டு அனைத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். கை உயர்த்துபவர்களுக்கு நிலுவை இருக்கக் கூடாது என்பது மன்ற விதி 7.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார். சில்லறையும் வைத்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்