வரி போனது, குழுக் காப்பீட்டுக்குப் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கூடாது என்று 2024 ஜூலையில் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார் நாக்பூர் எம்.பி.யும் மத்திய அமைச்சருமான நிதின் கட்கரி. தன் தொகுதி எல்ஐசி ஊழியர் சங்கம் கொடுத்த மனுவைத்தான் அவர் முன்வைத்தார். ஆளும் தரப்பில் இருந்துகொண்டே கேட்டதால் அந்தக் குரலுக்குக் கனம் இருந்தது. எதிர்க்கட்சி எம்.பி.க்களும் நாடாளுமன்ற வளாகத்தில் போராடினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வரி நீங்கியது. மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் விலக்கு கிடைத்தது தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு மட்டுமே. ஓய்வூதியர்கள் பலர், பலருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக எடுக்கும் குழுக் காப்பீட்டில்தான் இருக்கிறோம். எழுபது வயதில் தனிப் பாலிசிக்குப் போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பிரீமியத்தை ஏற்றுகிறார்கள். என் கணவருக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஒரு மாத பென்ஷனுக்கும் மேல்! எங்கே போவோம்?

பிரீமியம் கட்டவே வழியில்லாதவர்களுக்கு வரி விலக்கால் ஒரு பயனும் இல்லை, அது வேறு கவலை. குழுக் காப்பீட்டு முதியோருக்காக நம் தமிழக எம்.பி.க்களில் ஒருவராவது இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்