நிவாரண லொறி திரும்பிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்துக்கு வந்த உதவியை நாங்கள் மறக்க மாட்டோம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் லொறி லொறியாகச் சாமான் வந்தது. பாதை உடைந்த இடங்களில் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். லொறி திரும்பிப் போன பிறகும் தேயிலைத் தோட்டங்களில், மக்களுக்குரிய கடதாசியையும் உரிமையையும் பெற்றுக் கொடுக்கும் ஒரு வேலை நடக்கிறது. அதைச் செய்கிறவர்களுக்குக் கைகொடுக்க ஆளில்லை.

மண்சரிவில் வீட்டுச் சாமான்களோடு கடதாசிகளும் போயின. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதித் (ஓய்வுபெறும்போது கிடைக்கும் சேமிப்பு) துண்டு, பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரம் என்று எல்லாமே. எந்த உதவிக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான். கடதாசி தப்பியவர்களுக்கோ வேறு சிக்கல். எங்கள் பகுதியில் சில இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். நானும் போய் உதவுகிறேன். ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒரு அம்மா, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த தாள்களை மேசையில் பரப்பினார். ஒரு தாளில் லெட்சுமி. இன்னொன்றில் லச்சிமி. மூன்றாவதில் சிங்கள எழுத்தில், வாசித்தால் வேறு யாருடைய பெயரோ போல ஒலிக்கும் ஒன்று. பிறந்த வருடமும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதிக் காசு, இந்தப் பெயர் வித்தியாசத்தால் அவர் கைக்கு வராமல் நிற்கிறது.

இதைச் சரிசெய்ய என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம், தோட்ட ஆபீசிலிருந்து ஒரு கடிதம், சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி, அப்புறம் பிரதேச செயலகம். அங்கே உரிய உத்தியோகத்தர் லீவில் இருந்தால் இன்னொரு நாள். வேலையில் இருக்கும் ஒருவர் இதற்காகப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. பஸ் காசு வேறு. வயதானவரென்றால் கூட ஒருவர் போக வேண்டும், அவருக்கும் அன்றைய பேர் போகும். ஆகவேதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கூடவே போய், வரிசையில் நின்று, சிங்களத்தில் பேசி, தாளை வாங்கிக்கொண்டு வரும் ஒரு பையனோ பிள்ளையோ இருந்தால் அந்தக் காசு வீடு வந்து சேரும். அந்தப் பையனின் பஸ் செலவையும் போட்டோ கொப்பிச் செலவையும் யார் கொடுப்பது? இப்போதைக்கு அவனுடைய வீடுதான் கொடுக்கிறது. உலர் உணவுப் பொதிக்கென்றால் தயங்காமல் தருகிற நல்லவர்கள் கூட, போட்டோ கொப்பிக்கு என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரிசி கொடுத்தவரை வாயார வாழ்த்துகிறோம். 'ஏன் இந்த லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) இன்னும் காணி உறுதி இல்லை?' என்று கேட்டுக் கடிதம் எழுதுகிறவரை மட்டும் 'அரசியல் செய்கிறார்' என்று ஒதுக்கி வைக்கிறோம். இது பெரிய அநியாயம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்ட மக்கள் வாக்குப் போட்டுத்தான் சபைக்கு உறுப்பினர்களை அனுப்பினார்கள். ஆனால் அந்தச் சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு குழியை மூடுவதற்குக்கூடத் தோட்டக் கம்பெனியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரைக்கும் கூட்டம் போட்டு, மனு எழுதி, கொழும்புக்கு ஏறி இறங்கிச் சலிக்காமல் அதைப் பேசியவர்களில் சிறு சிறு சிவில் அமைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது. எச்சரிக்கையை வைத்துக்கொண்டு 'எங்களை எப்போது மாற்றுவீர்கள்?' என்று மாதாமாதம் கேட்கிற அமைப்புகள் இல்லாமல் ஒன்றும் அசையாது. கேட்பதற்கு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானம் சொல்ல வேண்டும். 'எங்கள் லயத்துக்கு மேலுள்ள சரிவைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்வையிட்டதா, அறிக்கை என்ன சொல்கிறது?' என்று ஒரு பக்கத்தில் கேட்கலாம். மழைக்காலத்தில் இரவு முழுதும் விழித்திருக்கும் ஒரு தாய்க்கு அந்த ஒரு பக்கம் எவ்வளவு பெரிய விஷயம்! அதை எழுதிக் கொடுத்து, பதில் வராவிட்டால் மேன்முறையீடு செய்து, தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரைக்கும் தொடர்ந்து போக ஆள் வேண்டும்.

'அதற்குத்தான் சங்கம் இருக்கிறதே, மாதாமாதம் சந்தா வெட்டுகிறார்களே' என்று சிலர் கேட்கிறார்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குத் தொழிற்சங்கம் கட்டாயம் வேண்டும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று லயங்களில் குடியிருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தோட்டத்தில் பேர் கிடையாது, அதாவது அவர்கள் தோட்டத்தின் பதிவுத் தொழிலாளர்கள் அல்ல. பென்ஷன் இல்லாமல் ஓய்வுபெற்றவர்கள், டவுனில் கூலி வேலைக்குப் போகிறவர்கள், மகளை மத்திய கிழக்குக்கு அனுப்பிவிட்டுப் பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிமார் எல்லாம் இதில் அடக்கம். சந்தா இல்லாத இவர்களுக்காகப் பேச அந்தந்த ஊரின் சிறிய அமைப்புகளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கொடுக்கும் பழக்கம் நம் மக்களுக்குப் புதிதும் அல்ல. அநேகமான தோட்டங்களில் மரணாதார சங்கம் என்று ஒன்று இருக்கும். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் கொட்டகை, கதிரை, பெட்டி, காட்டுச் செலவு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் கட்டும் சின்னக் காசில் அது நடக்கிறது. சாவுக்கு இவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்து நிற்கிற நாம், உயிரோடு இருக்கிறவரின் உரிமைக்கும் அதே ஒழுங்கில் ஒரு தொகையை ஒதுக்க முடியும். 2023இல், மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, வழியெல்லாம் மூன்று சமூகத்தவரும் சோறும் தங்க இடமும் கொடுத்தார்களே, அதுவும் இந்தக் கொடைதான்.

கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் குறிப்பாகக் கேட்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருகிறீர்கள். உங்களுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. ஊரில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து சிங்களத்தில் வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லுங்கள், பதில் எழுதிக் கொடுங்கள். பேராதனையிலும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் படிக்கிற பிள்ளைகள் லீவில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கலாம், சிலர் ஏற்கெனவே அழகாகச் செய்கிறார்கள். ஓய்வுபெற்ற கிளாக்கர்மாரும் ஆசிரியர்களும் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த அலுவலக நடைமுறை இங்கே பொன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரே தடவையில் பெரிய தொகையை அனுப்புவதைவிட மாதம் ஆயிரம் ரூபாயை விடாமல் அனுப்பினால், ஒரு அமைப்பு வருடத்துக்குத் திட்டம் போட முடியும். காசு அனுப்பும் முன்பு கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை: அமைப்பு பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறதா, வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் காசு எடுக்க முடியுமா, பற்றுச்சீட்டு தருகிறார்களா. தனி ஒருவருடைய கணக்குக்கு அனுப்பாதீர்கள். அமைப்புகளும் வரவு செலவை எழுதிக் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மலையகச் செய்திப் பக்கத்தில் வாரம் ஒரு சிறிய மூலையை இதற்கு ஒதுக்குங்கள். பண உதவி கேட்கும் விளம்பரமாக அது இருக்க வேண்டாம். எந்த ஊரில், எந்த நாளில், என்ன தெரிந்த ஆள் தேவை என்று நாலு வரி போதும். முதல் வாரத்துக்கு எங்களுடையதைப் போடலாம்: நோர்வூட் பகுதியில் ஞாயிறு காலைகளில் சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்த இருவரும், முதியவர்களோடு பிரதேச செயலகத்துக்குக் கிழமை நாட்களில் போய்வரக்கூடிய ஒருவரும் தேவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நோர்வூட்.