அந்த எனர்ஜி டிரிங்க் லேபிளைத் தமிழில் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு பி.டி. சார். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை, நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறேன், அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

போன ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி நடந்தது. எங்கள் பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு, 1500 மீட்டரில் நல்ல ஓட்டக்காரன். காலையில் வேனில் ஏறியதிலிருந்தே ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான், சாதாரணமாக அவ்வளவு பேசுகிற பையன் இல்லை. போட்டி டென்ஷன் என்று விட்டுவிட்டேன். முதல் சுற்று ஹீட்ஸுக்குக் கூப்பிடப் போகிற நேரம், "கை நடுங்குது சார், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிது" என்றான். அப்புறம் டிராக் ஓரத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தேன், என்னால் எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். அவன் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது, "காலையில் என்ன சாப்பிட்ட, என்ன குடிச்ச?" அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு சொன்னான். எனர்ஜி டிரிங்க், இரண்டு பாட்டில். டிபன் சாப்பிட வீட்டில் கொடுத்த நாற்பது ரூபாய்க்கு அதை வாங்கி, வேன் ஏறுமுன் ஒன்று, கிரவுண்டுக்கு வந்து ஒன்று, வெறும் வயிற்றில். இட்லி சாப்பிட்டால் வயிறு கனக்கும், இதைக் குடித்தால் ஸ்பீடு வரும் என்று கூடப் படிக்கிற எவனோ சொல்லியிருக்கிறான். மதியம் வரை படுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான், ஓடுகிறான். ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது, அவன் அம்மாவுக்குப் போன் போட எனக்குக் கை வரவில்லை.

திரும்பி வரும்போது அவன் கேட்டான், "குளுக்கோஸ் மாதிரிதானே சார் அதுவும்?" அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. பதினைந்து வயதுப் பிள்ளை அப்படி நினைத்தால் அது அவன் தப்பு இல்லை. பெயரிலேயே எனர்ஜி என்று போட்டிருக்கிறார்கள், விளம்பரத்தில் குடித்தவன் பறக்கிறான், மின்னல் வெட்டுகிறது. அவன் வேறு என்ன நினைப்பான்?

உடம்புக்குச் சக்தி வருவது சாப்பாட்டிலிருந்து. இந்தப் பாட்டிலில் இருக்கும் சர்க்கரை கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிவிடும், பிறகு அதே வேகத்தில் இறக்கிவிடும். மற்றபடி வேலை செய்வது கஃபீன். மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேரச் சேரத்தான் நமக்கு அசதி தெரியும், கஃபீன் போய் அது உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அசதி அப்படியே இருக்கும், தெரியாது, அவ்வளவுதான். வண்டியில் பெட்ரோல் தீர்ந்துகொண்டிருக்கும்போது மீட்டர் முள்ளைப் பிடித்து நிறுத்திவைக்கிற மாதிரி. அதோடு நெஞ்சுத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ஓடுகிற பையனுக்கு ஓட்டத்திலேயே இரண்டும் ஏறத்தான் செய்யும், அதன் மேல் இதுவும் சேர்ந்தால்?

டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். அதை வீட்டில் வந்து நானும் போட்டுப் பார்த்தேன். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி கஃபீன் கலந்த இந்த வகைப் பானத்தில் ஒரு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். அப்படியென்றால் 250 மி.லி. பாட்டிலில் 75 மில்லிகிராம் வரை. வளர் இளம் பருவத்தினருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொல்லியிருக்கிறது. எங்கள் பையன் 42 கிலோ. அவனுக்கு 126 மில்லிகிராம். இரண்டு பாட்டிலில் 150 வரை வந்துவிடும். இதில் இன்னொன்றைக் கவனியுங்கள், லேபிளில் ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறது, அது இரண்டு பாட்டில். வளர்ந்த ஆளுக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாமல் போகலாம். ஒல்லிப் பிள்ளைக்கு, அதுவும் வெறும் வயிற்றில், மணிக்கணக்கில் வெயிலில் நிற்கப் போகிறவனுக்கு அது அளவு மீறல்தான். இந்தப் பிள்ளைகள் காலையில் வீட்டில் டீயும் குடித்துவிட்டு வருவார்கள், அதிலும் கஃபீன் உண்டு, அந்தக் கணக்கு வேறு.

காபியிலும்தானே கஃபீன் இருக்கிறது, நாம் குடிக்கவில்லையா என்று ஸ்டாஃப் ரூமிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. காபியைச் சூடாக, ஊதி ஊதி, பத்து நிமிடம் குடிப்போம், கசப்பு இருக்கும், இரண்டாவது டம்ளரை யாரும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. இதுவோ ஜில்லென்று, தித்திப்பாக, புளிப்பாக, கலர் குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் இறங்குகிறது. அந்தப் புளிப்புப் பல் எனாமலையும் அரிக்கும். அதுவும் தவிர, இதயத்தைப் படுத்துவது கஃபீன் மட்டும்தானா என்றும் தெளிவாகவில்லை, டாரின் அது இது என்று பலதும் கலந்திருக்கிறது. 2019-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 18 முதல் 40 வயதுக்குள் ஆரோக்கியமாக இருந்த 34 பேருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எனர்ஜி டிரிங்க் கொடுத்து ஈசிஜி எடுத்துப் பார்த்ததில், இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தயாராகும் இடைவெளி நீண்டிருந்தது, நான்கு மணி நேரம் கழித்தும். அந்த இடைவெளி ரொம்ப நீண்டால் துடிப்பு தாறுமாறாகப் போக வாய்ப்பு உண்டு. பிறவியிலேயே இதயத்தில் சின்னக் கோளாறு உள்ள பிள்ளைகள் நம் பள்ளிகளிலும் இருப்பார்கள், பலருக்கு அது தெரியவே தெரியாது.

2017-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பதினாறு வயது மாணவன் ஒருவன் வகுப்பில் மயங்கி விழுந்து இறந்தான். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு காபி, ஒரு பெரிய கூல்டிரிங்க், ஒரு எனர்ஜி டிரிங்க். அவனுக்கு இதய நோய் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, இது கஃபீனால் வந்தது என்று பிரேதப் பரிசோதனை அதிகாரி அறிவித்தார். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. ஆயிரம் பேர் குடித்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்பது முன்கூட்டித் தெரியாதே, அதுதான் எனக்குப் பயம்.

விளையாட்டை விட்டாலும் பரீட்சை இருக்கிறது. மார்ச் வந்தால் பிளஸ் டூ, அதை முடித்தால் நீட். ராத்திரி ஒன்பது மணிக்கு டியூஷன் விட்டு வரும்போது ஒரு பாட்டில் வாங்கிப் போகிற பிள்ளைகள், ஆண் பெண் இருபாலரும், எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கஃபீன் பாதியாகக் குறையவே உடம்புக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதுக்குக் குடித்தது ராத்திரி இரண்டு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான், அந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு விழித்திருந்து என்ன படித்தும் மறுநாள் ஹாலில் கண் எரிகிறது, தலை வலிக்கிறது, உடனே அதற்கும் இன்னொன்று. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற எங்கள் பழைய மாணவர்கள், லோடு வண்டி ஓட்டுகிற பையன்கள் கதையும் இதேதான். அவர்களில் சிலர் இதைச் சரக்கில் கலந்தும் குடிக்கிறார்கள், போதை ஏறியது தெரியாததால் இன்னும் குடிக்கிறார்கள், பிறகு பைக்கை எடுக்கிறார்கள்.

சரி, பையன் பாட்டில் வாங்கிய கடைக்கு வருகிறேன். எங்கள் பள்ளி கேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பெட்டிக்கடை அது. நடத்துகிற அக்காவை எனக்குப் பல வருடமாகத் தெரியும், நல்ல மனுஷி, காசில்லாத பிள்ளைக்குப் பேனா கொடுத்து அனுப்புகிறவர். மறுநாள் கொஞ்சம் கோபமாகத்தான் போனேன். அவர் சொன்னதைக் கேட்டதும் கோபம் வேறு பக்கம் திரும்பியது. "கம்பெனிக்காரங்க குடுத்த ஃபிரிட்ஜ் சார், மேல் தட்டுல அவங்க பாட்டிலத்தான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. எல்லாப் பிள்ளைகளும் இதத்தான் கேக்குது. சின்னப் பிள்ளைக குடிக்கக் கூடாதுன்னு எங்கிட்ட யாரு சொன்னா?"

பாட்டிலை எடுத்துத் திருப்பினேன். எழுதியிருக்கிறது. கஃபீன் அதிகம், குழந்தைகளுக்கு உகந்ததல்ல, கர்ப்பிணிகளுக்கு உகந்ததல்ல என்று எல்லாம் இருக்கிறது, ஆங்கிலத்தில், என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிட்டக் கொண்டுபோய் வாசிக்க வேண்டிய எழுத்தில். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நெசமாவே பிள்ளைகளுக்குக் கூடாதுன்னா போட்டிருக்கு? எம் பேரனுக்கே குடுத்திருக்கேனே சார்" என்றார்.

நம் நாட்டுச் சட்டப்படி லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழியில் கூடுதலாகப் போடலாம், போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. தமிழ்நாட்டில் விற்கிற பாட்டிலின் விளம்பரம் மட்டும் தமிழில் பேசுகிறது, எச்சரிக்கை பேச மாட்டேன் என்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

ஒரு பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சர்க்கரைப் பானங்களுக்கு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசலின் பெயரான ஓ.ஆர்.எஸ். என்பதை வைத்து விற்பதை எதிர்த்து ஐதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் போராடினார், கடைசியில் 2025 அக்டோபரில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. எனர்ஜி என்கிற சொல்லுக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும்.

வெளிநாட்டில் வயது வரம்பே கொண்டுவந்துவிட்டார்கள். லிதுவேனியா 2014-லேயே பதினெட்டு வயதுக்குக் கீழே விற்பதைத் தடை செய்தது, போலந்து 2024 ஜனவரி முதல். இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று கொண்டுவரப் போவதாக அரசு 2025 செப்டம்பரில் அறிவித்தது, அவர்கள் சொல்வது லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் உள்ள பானங்களை. இங்கே அரசுக்கு இது கெடுதல் என்று தெரியாமல் இல்லை, இந்தப் பானங்கள் 40 சதவீத ஜி.எஸ்.டி.யில் இருக்கின்றன. அத்தனை வரி போட்டும் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது, எட்டாம் வகுப்புப் பையன் கையில் இருக்கிற காசு அது.

புதிதாகச் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி வளாகத்திலும், கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ளவற்றைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-ல் வந்த விதி ஒன்று இருக்கிறது. எங்கள் அக்கா கடையை நான் அடி வைத்து அளந்தேன், 50 மீட்டருக்குள்தான் வருகிறது. இத்தனை வருடத்தில் ஓர் அதிகாரியும் வந்து அவரிடம் இதைச் சொன்னதில்லை. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன், வாருங்கள், ஆனால் வந்ததும் அந்த அக்காவுக்கு அபராதம் போடாதீர்கள், முதலில் சொல்லுங்கள், ஃபிரிட்ஜை வைத்துவிட்டுப் போனவர்களைக் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. டிபனுக்குக் காசு கொடுத்தால் டிபன் சாப்பிட்டானா என்று கேளுங்கள். பிள்ளை சும்மா சும்மா எரிந்து விழுகிறது, ராத்திரி தூங்குவதில்லை, காலையில் தலைவலி என்கிறது என்றால் பையைத் திறந்து பாருங்கள், திட்டாமல் பாருங்கள், திட்டினால் அடுத்த முறை ஒளித்துவைக்கும். நான் இப்போது போட்டிக்குப் போகும்போது ஒரு தார் வாழைப்பழமும் அவித்த கடலையும் எலுமிச்சம்பழச் சாறில் உப்பும் சர்க்கரையும் போட்ட ஒரு கேனும் வேனில் ஏற்றிவிடுகிறேன், முப்பது பிள்ளைகளுக்கு அது பெரிய செலவு இல்லை, மற்ற பள்ளி பி.டி. சார்களும் செய்யலாம்.

இப்போது நான் கேட்க வந்தது. உங்கள் பத்திரிகையில் இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால் பரவாயில்லை, அந்த லேபிளில் இருப்பதை மட்டுமாவது ஒரு கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், தமிழில் போடுங்கள்.

கஃபீன் அதிகம் உள்ள பானம்.
குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் குடிக்க உகந்ததல்ல.
ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் குடிக்கக் கூடாது.

பேப்பரில் வந்தால் வெட்டி ஃபிரிட்ஜ் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.