சீருடையை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஐரிஷ்காரர்கள் ஆயுதம் ஏந்திய 1916 டப்ளின் ஈஸ்டர் எழுச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் போகிற போக்கில், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த ஐரிஷ்காரர்கள் எல்லோரையும் 'விலைபோனவர்கள்' என்று எழுதிவிட்டார் கட்டுரையாளர். சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. டப்ளின் சேரிகளின் வறுமை அப்படி. ஆனால் அதே படையில் சேர்ந்த ஐரிஷ் தேசியவாதி டாம் கெட்டிலை என்ன செய்வது?

இவருடைய அப்பா ஆண்ட்ரூ கெட்டில், பார்னெல், டேவிட் (Davitt) ஆகிய ஐரிஷ் தலைவர்களோடு நின்று குத்தகை விவசாயிகளுக்காக நில இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1880இல் பிறந்த மகன் வக்கீலுக்குப் படித்தார். ஆனால் மனம் என்னவோ மேடையிலும் பேனாவிலும்தான். 1906 இடைத்தேர்தலில் கிழக்கு டைரோனில் நின்று வெறும் 18 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, பிரிட்டனுக்குள் இருந்தபடியே அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் கேட்ட தன்னாட்சிக் கட்சியின் உறுப்பினராக லண்டன் நாடாளுமன்றம் போனார். 1909இல் டப்ளினில் பொருளாதாரப் பேராசிரியர். அடுத்த ஆண்டுக் கடைசியில் எம்.பி. பதவியை விட்டாலும், தன்னாட்சிக்காக எழுதுவதை விடவில்லை. குடிப்பழக்கமும் இருந்தது, அதை மறைத்து அவரை மகானாக்க வேண்டியதில்லை.

1914 கோடையில் இவர் பெல்ஜியம் போனது எதற்குத் தெரியுமா? தன்னாட்சியைக் காக்கத் திரண்ட ஐரிஷ் தொண்டர் படைக்குத் துப்பாக்கி வாங்க! அங்கே இருக்கும்போதே போர் வெடித்தது. ஜெர்மன் படை அந்தச் சின்ன நாட்டை என்ன பாடு படுத்தியது என்று பத்திரிகைக்கு எழுதினார். திரும்பி வந்து பிரிட்டிஷ் ராணுவத்தின் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையில் அதிகாரியானார். சின்ன நாடு மிதிபடும்போது அயர்லாந்து கைகட்டி நிற்கக் கூடாது என்பது அவர் வாதம். போருக்குப் பிறகு தன்னாட்சி வந்துவிடும் என்ற, கட்சித் தலைவர் ரெட்மண்டின் நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. அந்தக் கணக்கு தப்பாகப் போனது வேறு விஷயம்.

அப்புறம் எழுச்சி நடந்த 1916 ஈஸ்டர் வாரம். உங்கள் கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் கடந்துபோன ஃபிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டன், கெட்டிலின் சகலை. ஆயுதத்தைத் தொடாதவர், தெருவில் கொள்ளையைத் தடுக்கப் போனவர். அவரைப் பிரிட்டிஷ் ராணுவத்தார் பிடித்துக்கொண்டுபோய், ஏப்ரல் 26 காலையில் போர்ட்டோபெல்லோ படைமுகாமில் விசாரணையே இல்லாமல் சுட்டார்கள். மே 3 அன்று, கெட்டிலோடு ஒரே கல்லூரியில் பாடம் நடத்திய, எழுச்சித் தலைவர்களில் ஒருவரான தாமஸ் மெக்டொனாவையும் சுட்டார்கள். சுட்டவர்கள் போட்டிருந்த அதே சீருடைதான் கெட்டிலின் உடம்பிலும். எழுச்சி செய்த அந்த மனிதர்கள் வரலாற்றில் வீரர்களாக, தியாகிகளாக நிற்பார்கள், என் பெயர் நின்றால் ஒரு பாழாய்ப்போன பிரிட்டிஷ் அதிகாரி என்றுதான் நிற்கும் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான். எழுச்சியை அவர் ஆதரிக்கவில்லை. இருந்தும் இதைச் சொன்னார். விலைபோனவன் பேசுகிற பேச்சா இது?

அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்திலிருந்து, மூன்று வயது மகள் பெட்டிக்கு ஒரு கவிதை எழுதினார். பெரியவளானதும், அப்பா ஏன் நம்மை விட்டுப் போனார் என்று நீ கேட்பாய் என்று அவளிடமே பேசுகிற கவிதை. கொடிக்காகவோ ராஜாவுக்காகவோ சக்கரவர்த்திக்காகவோ சாகவில்லை என்று அதில் வருகிறது. ஐந்தே நாளில் ஜின்சி கிராமத்தைப் பிடிக்கும் சண்டையில் இறந்தார். அடையாளம் தெரிந்த கல்லறை கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்காகப் பிரான்சில் எழுப்பிய தீப்வால் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

சுதந்திர அயர்லாந்துக்கும் இவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நண்பர்கள் செய்துவைத்த மார்பளவுச் சிலையில் என்ன எழுதுவது என்று அதிகாரிகள் இழுத்தடித்து, 1937இல்தான் அது டப்ளினின் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு வந்தது. மகளுக்கு எழுதிய அந்தக் கவிதையின் கடைசி வரிகளும் அதில் இருக்கின்றன.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், ரெட்மண்ட் பக்கம் நின்றவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்