தைபர் நதியில் மிதப்பவள்

அன்புள்ள நண்பனுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். நான் இன்னும் பாரிஸில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு படம் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். பிரெஞ்சு ஓவியர் பால் டெலரோஷ் 1855-இல் வரைந்த 'இளம் மறைசாட்சி', அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவள். ரோமில் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய பேரரசன் தியோக்ளேசியன் காலம். பொய்த் தெய்வங்களுக்குப் பலி செலுத்த மறுத்த ஒரு சின்னக் கிறிஸ்தவப் பெண்ணைக் கைகளைக் கட்டித் தைபர் நதியில் எறிந்துவிட்டார்கள். உயிர் போன உடல் மல்லாந்து மிதந்து வருகிறது. படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. நடந்த கொடுமைக்குச் சாட்சியாக இருப்பது மணிக்கட்டில் சுற்றிய அந்தக் கயிறு மட்டும்தான். வெள்ளை உடைமேல் அதைப் பார்த்த பிறகு வேறு எதிலும் கண் போகவில்லை எனக்கு.

அப்புறம் அந்த ஒளிவட்டம். காலண்டர் படங்களில் தலைக்குப் பின்னால் ஒட்டிய தட்டு மாதிரி இருக்குமே, அப்படி இல்லை. நீருக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய பொன்வளையம். பொழுது சாய்ந்துவிட்டது, கரை இருண்டு கிடக்கிறது. முகத்தில் விழுகிற வெளிச்சம் முழுக்க அந்த வளையத்திலிருந்துதான் வருகிறது. தூரத்தில் கரையில் இரண்டு பேர் நிழலாக நின்று பார்க்கிறார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், வாய்விட்டு அழக்கூட வழியில்லாதவர்கள்.

அகாடமி ஓவியர்கள், அதாவது கலைக்கழக மரபில் வரைகிறவர்கள், என்றாலே வழவழப்பு, உயிர் இல்லை என்பாய் நீ. தூரிகைத் தடம் தெரியாத அந்த வழவழப்புதான் இங்கே நீராகவும் ஈரத் துணியாகவும் ஆகியிருக்கிறது. இதே டெலரோஷ் 1833-இல் வரைந்த 'லேடி ஜேன் கிரே' லண்டனில் இருக்கிறது. தலை வெட்டப்பட்ட இங்கிலாந்தின் இளம் அரசி அவள். கண்ணைக் கட்டிய பெண் வெட்டுக்கட்டையைத் தடவித் தேடுவாள், தலையை வெட்டுகிறவன் கோடரியோடு நிற்பான், தோழிகள் கதறுவார்கள். 1928-இல் தேம்ஸ் வெள்ளத்தில் அழிந்தே போனது என்று நினைத்த படத்தை 1973-இல் கண்டெடுத்தார்கள். அருமையான படம்தான், ஆனாலும் நாடக மேடை. இங்கே மேடையும் இல்லை, நடிப்பும் இல்லை.

இந்த இரண்டு படங்களுக்கும் நடுவே இருபது வருஷத்தில் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று தேடிப் படித்தேன். மனைவி லூயிஸ் 1845-இல் சின்ன வயதிலேயே இறந்துபோனாள். மரணப்படுக்கையில் அவளையும் அவர் வரைந்திருக்கிறார், தலையில் ஒளிவட்டத்தோடு. தைபர் படத்தை முடித்த மறு வருஷம் அவரும் போய்விட்டார். பெயர் தெரியாத அந்த ரோமானியப் பெண்ணுக்குள் அவர் லூயிஸைத்தான் வைத்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

டாக்டர் அனுமதித்ததும் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார், உன் அபிப்பிராயத்தை எழுது. பொங்கலுக்கு முன் ஊருக்கு வந்துவிடுவேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்