எங்கள் நூலகர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நூலகர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா வந்த புதிதில் என் பெயர் போட்டுக் கையில் வாங்கிய முதல் அட்டை நூலக அட்டைதான். வங்கி அட்டையெல்லாம் அப்புறம் வந்தது. முகவரி இருக்கிற ஒரு கடிதத்தைக் காட்டினேன், வேறு எதுவும் கேட்காமல் கொடுத்தீர்கள். அன்றைக்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்வதற்குக் காரணம் வேறு.

போன வருஷம் என் மகளின் பள்ளி நூலகத்திலிருந்து சில புத்தகங்களை நீக்கியே ஆக வேண்டும் என்று சிலர் ஒரு பட்டியலோடு வந்தார்கள். பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, கைப்பேசியைப் பார்த்து இரண்டு வரி வாசித்துவிட்டு, "இதுவா நம் பிள்ளைகளுக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் எங்கள் பள்ளி நூலகர் எழுந்தார். கையில் அதே புத்தகம், ஓரமெல்லாம் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்துவிட்டு வந்திருந்தார். "ஆட்சேபம் இருந்தால் படிவம் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள். குழு புத்தகத்தை முழுக்கப் படிக்கும். முடிவு வரும்வரை அது அலமாரியில்தான் இருக்கும்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று நிமிட மணி அடித்ததும் நூலகர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

அந்தப் படிவத்தின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அது இல்லாத இடத்தில், காலையில் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் வந்தால் சாயங்காலத்துக்குள் புத்தகம் காணாமல் போய்விடும். யார் கேட்டார்கள், ஏன் எடுத்தார்கள் என்று எங்கேயும் பதிவு இருக்காது. படிவம் இருந்தால் கேட்கிறவர் தன் பெயரை எழுத வேண்டும், புத்தகத்தை முழுக்கப் படித்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அலுப்பூட்டும் காகித வேலைதான். அதை விடாப்பிடியாகச் செய்ததால்தான் எங்கள் பட்டியலில் பெரும்பாலான புத்தகங்கள் இன்றும் இருந்த இடத்தில் இருக்கின்றன.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலில் ஒரு புத்தகம் என் மகளுக்கு இப்போது வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். தயங்கித் தயங்கி எங்கள் பள்ளி நூலகரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "உங்கள் பெண்ணுக்கு எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அவள் அம்மா இருக்கிறார்" என்றார். புத்தகங்களை நீக்கச் சொல்வதையெல்லாம் பெற்றோரின் கோபம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2024 கணக்கில், புத்தகத்தை நீக்கச் சொன்ன கோரிக்கைகளில் பெற்றோரிடமிருந்து வந்தவை 16 சதவீதம். அமைப்புகளும் பதவியில் இருப்பவர்களும் கொடுத்தவை 72 சதவீதம். பெற்றோர் பெயரைச் சொல்லி இதைச் செய்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் இந்த நன்றி சேரட்டும். ஓக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில் ஊரில் 30 வருஷம் நூலகராக இருந்த ரூத் பிரவுனை 1950இல் வேலையை விட்டு நீக்கினார்கள். நூலகத்தில் இருந்த சில பத்திரிகைகளைக் காரணமாகச் சொன்னார்கள். கறுப்பின மக்களின் சம உரிமைக்காக அவர் நின்றதுதான் உண்மையில் உறுத்தியது. 1959இல் அலபாமாவில், ஒரு கறுப்பு முயலும் ஒரு வெள்ளை முயலும் கல்யாணம் செய்துகொள்கிற குழந்தைப் படப்புத்தகத்துக்கே எதிர்ப்பு. மாநில நூலக இயக்குநர் எமிலி ரீட் அதைத் தனி அலமாரிக்கு மாற்ற நேர்ந்தது. ஆனாலும், கேட்ட நூலகங்களுக்குக் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை.

ஆர்கன்சாவில் 2023இல், நூலகர்களைச் சிறைக்கு அனுப்பக்கூடிய பிரிவோடு ஒரு சட்டம் வந்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களுக்கு நன்றி. 2024 டிசம்பரில் நீதிபதி அந்தப் பிரிவைச் செல்லாது என்றார். நியூயார்க்கின் புரூக்ளின் பொது நூலகத்துக்கும் நன்றி. 2022இல், நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் 13 முதல் 21 வயது வரை உள்ளவர்கள் மின்னூல் எடுத்துப் படிக்க இலவச அட்டை கொடுத்தார்கள். தன் ஊர் நூலகத்திலிருந்து நீக்கிவிட்ட புத்தகத்தை ஒரு பிள்ளை ராத்திரி தன் அறையில் உட்கார்ந்து படித்திருக்கும் என்று நினைக்கும்போதே நெஞ்சு நிறைகிறது.

எங்கள் பள்ளி நூலகருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு உங்களுக்கு வந்த மிரட்டல் கடிதங்களைப் பற்றி நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை, எங்களுக்கு மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். அந்த நாட்களிலும் காலையில் நூலகக் கதவு திறந்தே இருந்தது. என் மகள் கேட்ட தொடரின் மூன்றாம் பாகத்தை எடுத்துவைத்து, அவள் பெயரைச் சீட்டில் எழுதிச் சொருகியிருந்தீர்கள். அந்தச் சீட்டை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அடுத்த கூட்டம் எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். இந்த முறை அந்த மூன்று நிமிடத்தை நான் பேசுகிறேன். புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டே வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வாசகி ஒருத்தி