வளைந்த கேலக்ஸிகள் எல்லாம் மோதியவை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இ.எஸ்.ஓ. 510-ஜி13 என்ற கேலக்ஸியை ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த பழைய படத்தை அறிவியல் பக்கத்தில் அச்சிட்டிருந்தீர்கள். விண்மீன்களும் வாயுவும் பரவிய அதன் தட்டு நெளிந்ததற்கு இன்னொரு கேலக்ஸியை விழுங்கியது காரணமாயிருக்கலாம் என்பது சரி. ஆனால், பக்கவாட்டில் வளைந்து தெரிபவை அனைத்துமே மோதலில் உருக்குலைந்தவை என்று படக்குறிப்பு முடித்ததை ஏற்க முடியாது. நம் பால்வீதியின் தட்டே ஓரத்தில் வளைந்துதான் இருக்கிறது. ஹைட்ரஜன் வாயுவின் வானொலி அலைகளைக் கொண்டு 1957இலேயே இது கண்டறியப்பட்டது.

விண்மீன்கள் செறிந்த உட்பகுதி பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். வெளிச்சம் மங்குமிடத்துக்கு அப்பால் வாயுத்தட்டு, சுட்ட அப்பளத்தின் ஓரம்போல, ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் திரும்பும். துணைக் கேலக்ஸியின் ஈர்ப்பு, வேறொரு சாய்வில் வந்து சேரும் புதிய வாயு, சூழ்ந்துள்ள கரும்பொருள் (ஒளி தராத, ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் பொருள்) தட்டோடு ஒத்துப்போகாமை என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. மோதல் இல்லாமலே இது நடக்கலாம்.

வளைவு நம் பார்வைக் கோட்டின் திசையிலேயே அமைந்துவிட்டால் தட்டு வளைந்ததாகத் தெரியாது, தடித்ததாகத் தெரியும். ஓரத்தில் வாயு உண்மையாகவே தடிப்பதும் உண்டு, ஏனெனில் அங்கே தட்டின் சொந்த ஈர்ப்பு தளர்ந்துவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒளிப்படம் போதாது. ஹைட்ரஜன் வெளியிடும் 21 செ.மீ. வானொலி அலையில் வாயுவின் வேகத்தை இடத்துக்கு இடம் அளந்தாக வேண்டும். அதற்குரிய மீர்காட் வானொலித் தொலைநோக்கி நம் தென்னாப்பிரிக்காவில், வடக்கு கேப் மாகாணத்தின் கரூ வறண்ட நிலத்தில்தான் இருக்கிறது: 64 ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் விட்டம். 2018இல் திறக்கப்பட்டது.

சில கேலக்ஸிகள் நடுவில் நிலக்கடலை வடிவில் புடைத்திருப்பதும் மோதலின் தழும்பு அல்ல. குறுக்கே ஓடும் விண்மீன் பட்டை செங்குத்தாகத் தடிப்பதால் அது உண்டாகிறது என்று 1981இல் வானியலாளர்கள் கோம்ப், சாண்டர்ஸ் இருவரும் கணினி மாதிரியில் காட்டினர். அதே பட்டையை நுனியிலிருந்து பார்த்தால் உருண்டையாகத்தான் தெரியும்.

டர்பனில் கேமரா வைத்துப் படமெடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வளைவைக் கண்டவுடன் நம்பிவிட வேண்டாம். கேமராவை 90 பாகை திருப்பி மறுபடி எடுங்கள்: வளைவு கேலக்ஸியோடு சேர்ந்து திரும்பினால் உண்மை, படச்சட்டத்தில் பழைய இடத்திலேயே நின்றால் லென்ஸ் அல்லது சென்சார் கோளாறு. பின்னணி வெளிச்சத்தை நீக்கும் மென்பொருள் தட்டின் மங்கலான ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆகவே பின்னணியை அளக்க மென்பொருளில் குறிக்கும் மாதிரிப் புள்ளிகளைக் கேலக்ஸியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். முழுப் பக்கவாட்டாக இல்லாமல் சில பாகை சாய்ந்த கேலக்ஸியில் சுருள் கரங்களின் நுனியும் வளைவுபோல ஏமாற்றும். தூசிப் பட்டை மையத்தைவிட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சாய்வு இருக்கிறது என்று பொருள். சொம்பரேரோ கேலக்ஸியில் அந்தச் சாய்வு சுமார் 6 பாகை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்டாரஸ் விண்மீன் குழுவில் உயரத்தில் நிற்கும் என்.ஜி.சி. 4945 என்ற கேலக்ஸி, நகர விளக்குகளைத் தாண்டிச் சென்றால் 20 செ.மீ. தொலைநோக்கியில் நீண்ட கீற்றாகத் தெரியும். நேராகப் பார்க்காமல் கண்ணைச் சற்று விலக்கிப் பார்த்தால் அதன் நீளம் கூடும்.

இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, எந்த அலைநீளத்தில் எடுத்தது, வளைந்திருப்பது விண்மீன்களா வாயுவா என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர்கள்,
டர்பன்